சைக்கிளை நிறுத்துங்க... அட்டக்குளத்தில் ஒரு பயணி!

எட்டயபுரத்துக்கு சைக்கிள்ல கிளம்புறீங்களா? மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலையை விட்டுடுங்க. கரிசல்காட்டு ஊர்ச் சாலைகள்ல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மிதிங்க. பாரதி பிறந்த வீட்டைப் பார்த்ததும் திரும்பிடாதீங்க. அட்டக்குளத்தில் இன்னொரு பயணி ஓய்வெடுக்கிறார்... முத்துசுவாமி தீட்சிதர்!

1775-ல் திருவாரூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே குருவோடு காசிக்குப் போய், சில ஆண்டுகள் தங்கினார். திரும்பிய பிறகும் கால்கள் ஓயவில்லை. திருத்தணி, காஞ்சிபுரம், சிதம்பரம் எனக் கோயில் கோயிலாகப் போனார். அந்தந்தத் தலத்தின் அடையாளங்களைப் பாட்டிலேயே பதித்தார். அவருடைய கீர்த்தனைகளை வரிசைப்படுத்தினாலே ஒரு பயண வரைபடம் கிடைச்சிடும்.

கடைசிப் பயணம், தம்பிக்காக. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான பாலுசுவாமி தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார். அவரைப் பார்க்க வந்த வழியில், காய்ந்து வெடித்த கரிசலைக் கண்டு மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினார். மழை கொட்டியது என்பார்கள். 1835 தீபாவளி நாளில் இங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

காவிரி டெல்டாக்காரர், மழைக்கு ஏங்கும் மண்ணில் தங்கிட்டார். சமாதி முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னுட்டுக் கிளம்புங்க. அவர் கேட்ட மழை, இந்தக் கரிசலுக்கு இன்னமும் வேணும்!