அன்னை மீனாம்பாள் சிவராஜ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

ஈ.வெ.ரா. அவர்களைப் பெரியார் என்று அழைக்காதவர் தமிழகத்தில் உண்டோ? அப்பட்டத்தை அவருக்குச் சூட்டியவர்கள் பெண்கள் என்பதும் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்த செய்திதான். 1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு அது. மறைமலையடிகளின் திருமகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். ஆனால் அந்த அவையில் இருந்த மற்றப் பெண்களைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். டாக்டர் தருமாம்பாள் இருந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருந்தார். மீனாம்பாள் சிவராஜ் இருந்தார்.

இவர்களுள் இராமாமிர்தம் அம்மையாரை எனக்கு முன்பே தெரியும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் உயர்கல்வித் திட்டம் அவர் பெயரால் நடப்பது. அந்தப் பணத்தில்தான் நான் தாம்பரத்திலிருந்து இரயில் சீட்டு எடுக்கிறேன், ஆய்வகப் பதிவேடு வாங்குகிறேன். மீனாம்பாளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உப்புப் பகுப்பாய்வு செய்ய வேண்டியவளுக்கு இந்த வேலை எதற்கு என்று தோழியர் கேலி செய்தனர். காரணம் உண்டு, சொல்கிறேன்.

மீனாம்பாள் 1904ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் பர்மாவில், இரங்கூன் நகரில் பிறந்தார். தந்தையார் வாசுதேவப் பிள்ளை. பின்னாளில் சென்னை மாநகராட்சி உறுப்பினராக விளங்கியவர். தாயார் மீனாட்சி அம்மாள். தாய்வழிப் பாட்டனார் பெ.மா. மதுரைப் பிள்ளை இரங்கூனில் பெருவணிகர்; புலவர்கள் பாடிய வள்ளல். சென்னை மாநிலத்தில் சேரிக்கு வெளியே கிணற்றில் நீர் மொள்ள முடியாத மக்களுள் ஒருவர், கடல் கடந்ததும் கப்பல் வணிகராகி மதிப்போடு வாழ்ந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். மண் மாறியதும் மனிதர் உயர்ந்தார் என்றால் குறை மனிதரிடம் இருந்ததா, மண்ணில் இருந்ததா?

பேத்தி கல்வி கற்றது இரங்கூனில். பின் சென்னை வந்து, சட்ட அறிஞர் ந. சிவராஜ் அவர்களின் வாழ்க்கைத் துணையானார். சிவராஜ் சென்னைச் சட்டக் கல்லூரிப் பேராசிரியர். 1945ல் சென்னை மேயர். 1957ல் செங்கற்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். எங்கள் சேலையூரும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆதலால் ஊர்ப் பெரியவர் சிலருக்குச் சிவராஜ் என்ற பெயர் தெரிந்திருக்கிறது. அவர் மனைவியும் ஒரு தலைவர் என்று சொன்னபோது, அப்படியா என்றார்கள்.

அம்மையார் சென்னை வந்த காலம் எத்தகையது? 1921ல் இம்மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிற்று. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதன்முதலாக வழங்கியது என்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்கு. கூலிக்காரிக்கு அது எட்டாக்கனி. 1924ல் பொதுச் சாலை, பொதுக் கிணறுகளை எல்லாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை ஆர். வீரையன் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 1927ல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் அமர்ந்தார். பெண்கள் சங்கங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் உயர் வகுப்புப் பெண்கள். ஒடுக்கப்பட்டோர் இயக்க மேடையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆதிதிராவிடப் பெண்ணுக்கு இரண்டு அவைகளிலும் கடைசிப் பாய்தான்.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த இசபெல்லா என்ற கறுப்பினப் பெண் 1826ல் கைக்குழந்தையுடன் எசமானனிடமிருந்து வெளியேறினார். சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட மகனை வழக்காடி மீட்டார். 1843ல் தம் பெயரையே சோஜர்னர் டுரூத் என மாற்றிக்கொண்டார். 1851ல் ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் எழுந்து, கழனியில் ஆணுக்கு இணையாக உழைத்த தம்மைப் போன்றோரும் பெண்களே என்று நிலைநாட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அமெரிக்கக் கறுப்பு மக்களின் போராட்டத்தை நம் நாட்டுத் தலைவர்கள் உற்று நோக்கியே வந்தனர். ஜோதிராவ் பூலே 1873ல் தாம் எழுதிய குலாம்கிரி நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். டாக்டர் அம்பேத்கர் 1946ல் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்கு மடல் எழுதினார்.

பெயரை மாற்றிக்கொண்டார் என்று படித்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். என் பாட்டி செங்கல் சூளையில் வேலை செய்தவர். மேஸ்திரி முதல் அவர் மகன் வரை எல்லாரும் அவரை ‘ஏ புள்ள’ என்றே கூப்பிட்டார்களாம்; பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படித்தான். அவருக்கும் அழகான ஒரு பெயர் உண்டு. குடும்ப அட்டையில் மட்டும் இருக்கிறது.

மீனாம்பாள் அம்மையாரின் பொதுவாழ்வு 1928ல் தொடங்கிற்று. சைமன் குழுவை நாடே புறக்கணித்த நேரம். ஒடுக்கப்பட்டோர் தலைவர்களோ தங்கள் குறைகளை அதனிடம் எடுத்துரைக்க வேண்டும் என்றனர். அம்மையாரின் முதல் மேடைப் பேச்சும் குழுவை ஆதரித்தே அமைந்தது. இருபத்து மூன்று அகவைப் பெண் ஊரோடு ஒத்துப்போகாமல் தொடங்கினார்! 1937ல் திருநெல்வேலி மாவட்ட ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார்.

மறு ஆண்டே இந்தி எதிர்ப்புப் போர். நான் முதலில் சொன்ன பெண்கள் மாநாடு முடிந்த மறுநாள் தருமாம்பாள், இராமாமிர்தம் முதலியோர் மறியல் செய்து கைதாயினர். எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள், பலர் கைக்குழந்தைகளோடு, சிறை புகுந்தனர். அப்போரில் சிறையிலிருந்து முதலில் உயிர் நீத்த நடராசன் ஒடுக்கப்பட்ட வகுப்பு இளைஞர். 1939 சனவரி 15ல் மறைந்தார். எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையைப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்க.

அம்மையார் வாழ்வின் உச்சம் என்று நான் கருதுவது அதற்குப் பிந்திய ஆண்டுகளை. 1942 சூலையில் நாகபுரியில் அம்பேத்கர் தலைமையில் பட்டியல் சாதிக் கூட்டமைப்பு உருவான மாநாட்டுக்கு சிவராஜ் தலைவர். அங்கேயே பெண்கள் மாநாடும் தனியே கூடியது. மணவிலக்கு உரிமை, பலதார மணத் தடை, ஆலைப் பெண்களுக்கு விடுமுறை, மாணவியர்க்கு விடுதி, சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடம் ஆகியவற்றைக் கேட்டது. 1942ல்! அந்தக் கூட்டமைப்பின் பெண்கள் மாநாடு 1944 செப்டம்பர் 23ல் சென்னையில் நடந்தபோது தலைவர் மீனாம்பாள். வந்திருந்து உரையாற்றியவர், அன்று வைசிராய் அவையின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர். 1945 மே திங்களில் பம்பாயில் அனைத்திந்தியப் பெண்கள் மாநாட்டுக்கும் அம்மையாரே தலைமை தாங்கினார். இரங்கூனில் பிறந்த தமிழ்ப்பெண், மராத்தியப் பெண்கள் திரண்ட மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். அம்பேத்கர் அவரைத் தம் உடன்பிறந்தாளாகவே கருதினார்.

கப்பல் வணிகர் பேத்தி, பேராசிரியர் மனைவி. இவர் எப்படிக் கூலிப்பெண்களின் குரலாவார் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். சூளைப் புகையை அவர் அறிந்திருக்க மாட்டார். ஆனால் செல்வத்தைக் காட்டி அவர் ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம், ஒதுங்கவில்லை. பிறந்த குலத்தை மறைத்துக்கொள்ள வசதி இருந்தும் ஆதிதிராவிடர் மாநாடு என்று எழுதிய பந்தலில் ஏறித் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். கீழே மண்ணில் அமர்ந்து அண்ணாந்து பார்த்த பெண்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் யோசிக்கிறேன். வகுப்பில் முதல் வரிசைப் பெஞ்சில் உட்கார எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

மாநகராட்சி உறுப்பினர், கௌரவ நீதிபதி, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இடம், திரைப்படத் தணிக்கைக் குழுவில் இடம் என அவர் வகித்த பொறுப்புகள் பல. நாம் தேர்வு எழுதும் பட்டங்களை வழங்கும் பல்கலைக்கழகத்தின் அவையில் ஓர் ஆதிதிராவிடப் பெண் அமர்ந்திருந்தார் என்பது ஒன்றே எனக்குப் போதும். ஆயினும் இன்றும் அவரைப் பற்றி எழுதுவோர் சிவராஜின் துணைவியார், அம்பேத்கரின் தங்கை என்றே தொடங்குகின்றனர். இக்கட்டுரையின் தலைப்பிலும் அவர் கணவர் பெயர் இருக்கிறது. இல்லாவிட்டால் யாரைச் சொல்கிறேன் என்பது பலருக்குப் புரியாது.

சிவராஜ் 1964ல் மறைந்தார். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் அம்மையார் வாழ்ந்தார். 1992ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் காலமானார். எண்பத்தெட்டு அகவை நிறைய இருபத்தாறு நாட்கள் இருந்தன.