அப்பாவின் நுரையீரலும் டாக்டர் சுப்பாராவும்



போன கார்த்திகை மழையில எங்க அப்பாவுக்கு நிமோனியா காய்ச்சல் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாள் முழுக்க மூட்டை தூக்குறவர், நாலு படி ஏற முடியாம மூச்சு வாங்கினார். திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாங்க.

நுரையீரலில் சுமார் 30 கோடி காற்றுப் பைகள் உள்ளன. அவற்றைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய ரத்தக் குழாய்கள். அக்குழாயின் சுவர் ஒரே ஒரு செல் கனம்தான்! கிருமியால் அழற்சி வந்தால் செல்களுக்கு நடுவே இடைவெளி விழும். ரத்தத்தின் நீர் கசிந்து காற்றுப் பைக்குள் தேங்கும். அதனால்தான் மூச்சுத் திணறல். மருந்து கிருமியைக் கொல்லும், ஆனா கிழிஞ்ச சுவரை உடம்பேதான் தைச்சுக்கணும்னு சொன்னாங்க.

எப்படித் தைக்கும்? நம் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் படிக்கச் சொன்னது எல்லாப்பிரகடா சுப்பாராவின் வாழ்க்கையை.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். வறுமை. வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம்னு சிறு வயதில் காசிக்குக் கிளம்பி, பாதியில் பிடிபட்டார். மெட்ரிக் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். (தோல்வி அடைந்த தோழர்களே, கவனியுங்கள்!) சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. ஸ்புரூ என்ற குடல் நோய்க்கு இரண்டு சகோதரர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்.

1922-ல் அமெரிக்கா போனார். இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரம் கழுவினார், பகலில் ஹார்வர்டில் படித்தார். பிறந்த மகன் முகத்தைப் பார்க்காமலே இழந்தார். ஊர் திரும்பவே இல்லை.

அவர் நுரையீரலை ஆராயவில்லை. ஆனாலும் அப்பா பிழைத்த கதையில் அவர் மூணு இடத்தில் வருகிறார்.

ஒன்று, கிருமி. அவர் தலைமையிலான லெடர்லி ஆய்வுக்கூடத்தில்தான் டக்கர் என்பவர் ஆரியோமைசினைக் கண்டார். 1948-ல் வந்த அதுவே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. நிமோனியாவுக்கும் கொடுத்தார்கள்.

இரண்டு, சக்தி. கிருமி ஒழிந்ததும் உயிர் தப்பிய செல்கள் நீண்டு விரிந்து ஓட்டையை மூடும். நம்ம ஊர் பாஷையில் ஒட்டுப் போடுற வேலை! அதற்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை 1929-ல் ஃபிஸ்கேவும் இவரும் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் லோமனும் கண்டறிந்தார்.

மூன்று, புதுச் செல். செல் இரண்டாகப் பிரிய டி.என்.ஏ.வைப் படியெடுக்கணும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேணும். 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது இவர் குழு. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கும் அதுவே மருந்தானது!

நுரையீரல் நுண்குழாய்களில் இருவகைச் செல்கள் உண்டு என்று 2020-ல் தெரியவந்தது. ஒருவகை காற்றை மாற்றும். இன்னொரு வகை, காயம் பட்டால் பெருகி இருவகையையும் உண்டாக்கும்.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே காலமானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இரண்டு மாசம் கழிச்சு அப்பா மறுபடி வேலைக்குப் போனார். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தையலை நினைச்சா இப்பவும் வியப்பா இருக்கு. ஃபோலிக் அமிலம் கீரையில் நிறைய இருக்கு. சத்துணவில் கீரை வந்தா ஒதுக்காதீங்க!



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி