யார் பட்ட கடன்? யார் தீர்ப்பது?

அஞ்சுகிராமம் பகுதியில் நகையை அடகு வைத்துப் பயிர்செய்யும் விவசாயிக்கும் தன் கடன் எதற்கென்று தெரியும். நாட்டின் கடன் எதற்கென்று கணக்குக் கேட்டவர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-இல் தஞ்சாவூரில் பிறந்த அவர், லண்டனில் கணக்காயம் பயின்று மும்பையில் தணிக்கையாளராக விளங்கினார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி குறித்து மேற்கொண்ட ஆய்வு அவரது வாழ்வைத் திருப்பியது. இந்தியரின் வறுமைக்கு ஆங்கிலேயரின் வரியும் செலவுமே காரணம் என அதில் நிறுவினார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார்; ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வெளிவந்தது. குஜராத்தின் மாதர் வட்டக் கிராமங்களின் பொருளாதார நிலையையும் ஆராய்ந்தார்.

1931-இல் இந்தியப் பொதுக்கடனை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவின் அமைப்பாளரானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரருக்கு ஈடாக அளித்த பணம், 1857 எழுச்சியை அடக்கிய செலவு, ஆப்கன், பர்மா போர்ச் செலவுகள் ஆகியவை இந்தியர் தலையில் ஏற்றப்பட்டதைக் குழு எடுத்துக்காட்டியது. தம் நலனுக்காக வாங்கப்படாத கடனுக்கு மக்கள் பொறுப்பல்லர் என்பதே அதன் சாரம். ஆங்கிலேய அரசு அதை ஏற்கவில்லை. ஆயினும், ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடிக்காக வாதிடுவோர் இன்றும் முன்வைப்பது அந்த நியாயத்தையே.

விடுதலைக்குப் பின், காங்கிரஸின் வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமையேற்று, உழுபவருக்கே நிலம் என 1949-இல் பரிந்துரைத்தார். இறுதிக் காலத்தை தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்த அவர், 1960-இல், காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-இல் மறைந்தார்.

மத்திய, மாநில அரசுகளின் கடன் ஆண்டுதோறும் பெருகுகிறது. அதன் அளவை மட்டுமே விவாதிக்கிறோம். யாருக்காக வாங்கப்பட்டது என்ற குமரப்பாவின் கேள்வியையும் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் எழுப்ப வேண்டும்.