மாந்துவா நகரின் ஆசிரியப் பெருந்தகை விட்டோரினோ

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கல்விக்காகவே வாழ்ந்து மறைந்த ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வையும் மகாத்மா புலேயின் தொண்டையும் நம் இளைஞர் இக்கழகத்தின் மேடைகளில் பலமுறை கேட்டிருப்பர். ஆகவே, நம்மவர் பலர் பெயரளவிலும் அறிந்திராத ஒருவரைத் தேர்ந்தோம். அவர் இத்தாலி நாட்டில் 600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பள்ளி ஆசிரியர். விட்டோரினோ ட ஃபெல்த்ரே என்பது அவர் பெயர். நூல் எதுவும் எழுதி வைக்காதவர். ஒருசில கடிதங்களே எஞ்சின. அவரை நாம் அறிவதெல்லாம் அவரிடம் பயின்றோரும் அவரை அறிந்தோரும் எழுதி வைத்த குறிப்புகளால்தான். ஆசிரியர் ஒருவருக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

வட இத்தாலியில் மலையடிவாரத்து ஊராகிய ஃபெல்த்ரேயில் 1378ஆம் ஆண்டு அவர் பிறந்தார். குடும்பம் எழுத்தறிவுடையது, ஆனால் செல்வம் இல்லாதது. ஏறத்தாழப் பதினெட்டு வயதில் பதுவா நகரின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தை நாடி வந்தார். சிறுவர்களுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்து, அவ்வருவாயில் தாம் படித்தார். இலத்தீன் மொழியிலும் தத்துவத்திலும் தேறியபின் அவருள்ளம் கணிதத்தின்பால் சென்றது. அந்நாளில் கணிதத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த பியாஜோ பெலக்கானி என்பார் பதுவாவில் இருந்தார். அவருக்குக் கொடுக்கத் தக்க ஊதியம் விட்டோரினோவிடம் இல்லை. எனவே அவர் வீட்டிலேயே பணியாளாக அமர்ந்தார். ஏவலாளாக உழைத்து, அவ்வுழைப்புக்கு ஈடாகக் கணிதம் பெறலாம் என்பது அவர் எண்ணம். அவ்வறிஞரோ கைந்நிறைய வேலை வாங்கினாரேயன்றி மனம் நிறையக் கற்பிக்கவில்லை. இறுதியில் விட்டோரினோ அவ்வீட்டை விட்டு நீங்கி, யூக்ளிடின் வடிவ கணித நூலைத் தாமே முயன்று கற்றுத் தெளிந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இச்செய்தியைப் படித்தபோது நாம் சற்றே நூலை மூடி வைத்தோம். 1980களில் பத்தாம் வகுப்பு முடித்து, மேல்நிலைக் கல்விக்குக் கணிதப் பிரிவு வேண்டும் என்று மதிப்பெண் பட்டியலோடு நாம் ஒரு பள்ளியின் வாயிலில் நின்றோம். மதிப்பெண் போதுமானதாகவே இருந்தது. எனினும் உன் போன்றோருக்கு வரலாற்றுப் பிரிவே போதும் என்று கூறி, அங்கிருந்தவர் விண்ணப்பத்தில் தாமே திருத்தம் செய்துவிட்டார். வரலாறு எம்மைக் கைவிடவில்லை; அதனால்தான் இக்கட்டுரையும் எழுத முடிகின்றது. ஆயினும் போதும் என்ற அச்சொல் இன்னும் செவியில் இருக்கின்றது. விட்டோரினோவின் வரலாற்றை நாம் தேர்ந்ததற்கு அச்சொல்லே காரணம் எனினும் தவறில்லை.

வெனிஸ் நகரில் குவாரினோ என்னும் பேரறிஞரிடம் அவர் கிரேக்கம் கற்றார். பின்னர்ப் பதுவாவுக்குத் திரும்பித் தம் வீட்டிலேயே மாணாக்கரைத் தங்க வைத்துக் கற்பிக்கலானார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பொருள் கொடுத்தனர். இல்லாதோர் கொடாமலே பயின்றனர். முன்னவர் கொடுத்ததைக் கொண்டு பின்னவரை ஊட்டினார். 1422இல் பல்கலைக்கழகத்தின் சொற்கலைப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. மாணவரின் கட்டுப்பாடற்ற நடத்தையைத் திருத்த இயலாமல் விரைவிலேயே அதனைத் துறந்தார். 1423இல் மாந்துவா நகரை ஆண்ட ஜான்பிரான்செஸ்கோ கொன்சாகா, தம் மக்களுக்கு ஆசிரியராக வருமாறு அவரை அழைத்தார். கூலிக்குப் படை நடத்திப் பெரும்பொருள் ஈட்டிய தலைவர் அவர். அரண்மனைச் சேவகத்தில் விட்டோரினோவுக்கு விருப்பமில்லை. நெடிது தயங்கி, தம் மனச்சான்றுக்கு ஒவ்வாத எதனையும் செய்யச் சொல்லலாகாது என்ற உடன்பாட்டின்மேல்தான் சென்றார்.

பள்ளிக்கென ஏரிக்கரையில் ஒரு மாளிகை தரப்பட்டது. முன்னர்க் கேளிக்கைக்குரியதாயிருந்த அதனை அவர் மகிழ்ச்சி இல்லம் எனப் பொருள்படும்படி லா ஜொகோசா என்று வழங்கச் செய்தார். பட்டுத் திரைகளும் வெள்ளிக் கலங்களும் வெளியேறின. முகத்துதி பாடும் வேலையாட்களும் வெளியேறினர். சுவர்களில் குழந்தைகள் விளையாடும் ஓவியங்கள் இடம்பெற்றன. மன்னர் மக்களுக்கும் எளிய உணவே. மூத்தவன் லுடோவிகோ பெருந்தீனியன், உடல் பருத்தவன். இளையவன் கார்லோ உணவு கொள்ளாமல் நெடிதாய் மெலிந்தவன். ஒருவனுக்கு இசையாலும் பேச்சாலும் உணவை மறக்கச் செய்தும், மற்றவனுக்கு உண்ண ஊக்கமளித்தும் இருவரையும் நேர்வழிக்குக் கொணர்ந்தார். ஓட்டம், மற்போர், பந்தாட்டம், குதிரையேற்றம் ஆகியன நாள்தோறும் உண்டு.

இனி அப்பள்ளியின் பாடங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் என்ற முறையில் எமக்கு இப்பகுதியே இனியது.

பழைய உரோமர் காலந்தொட்டு ஐரோப்பியர் போற்றிவந்த கலைகள் ஏழு. இலக்கணம், தருக்கம், சொற்கலை என்னும் மூன்றும் மொழியைப் பற்றியவை. எண் கணிதம், வடிவ கணிதம், வானநூல், இசை என்னும் நான்கும் எண்ணைப் பற்றியவை. இவ்வேழுக்கும் இலத்தீனில் அவர்கள் இட்ட பெயரின் பொருள், அடிமையல்லாத மனிதனுக்குரிய கலைகள் என்பதாகும். அடிமைக்குக் கைத்தொழில், ஆண்டானுக்கு அறிவுக் கலை என்பது பழைய உரோமின் கணக்கு. நம் நாட்டில் யார் எதைக் கற்கலாம் என்று வகுத்தோர் இட்ட கணக்கும் ஏறக்குறைய இதுவே அன்றோ? கிறித்தவத் திருச்சபை இவ்வேழு கலைகளையும் ஏற்றுத் திருமறைக் கல்விக்கு முற்படியாக வைத்தது. ஆனால் காலப்போக்கில் அவை உயிரற்ற மனப்பாடமாகவும் பிரம்படியாகவும் சுருங்கிவிட்டன. முதல் நூற்றாண்டு உரோமானிய ஆசிரியர் குவிந்திலியனின் கல்வி நூல் முழுமையாக 1416இல் ஒரு சுவிட்சர்லாந்து மடத்தில் கண்டெடுக்கப்பட்டது. சிறுவரை அடித்தல் தகாது என்றும், விளையாட்டின் வழியே எழுத்தறிவிக்கலாம் என்றும் கூறும் அந்நூலை விட்டோரினோ தம் வழிகாட்டியாகக் கொண்டார்.

சின்னஞ்சிறுவர்க்கு எழுத்துகளைத் தனித்தனித் துண்டுகளாகக் கொடுத்து, கூட்டி விளையாட விட்டார். எண்ணும் விளையாட்டாகவே தொடங்கிற்று. பின்னர் உரக்கப் படித்தல், சொற்பொருள் கேட்டல், நெட்டுருச் செய்தல், எழுதுதல் என வளர்ந்தது. படிக்கும்போது ஒலி பிசகினால் விடமாட்டார். பொருள் விளங்காதவன் சரியாகப் படிக்க மாட்டான் என்பது அவர் கொள்கை. வர்ஜில், ஹோமர், சிசரோ, தெமாஸ்தெனஸ் ஆகிய நால்வரின் நூல்கள் அடிப்படை, அதன்பின் வரலாற்றாசிரியர்கள். கணிதத்தை எவரும் விட்டுச் செல்ல அவர் இசையவில்லை. வடிவ கணிதத்தோடு அளத்தலையும் வரைதலையும் சேர்த்துக் கற்பித்தார். தியோடர் காசா போன்ற கிரேக்க நாட்டறிஞர்களும் அங்கு வந்து கற்பித்தனர். ஒரே பாடத்தில் நெடுநேரம் இருத்தி மூளையைச் சோர்வடையச் செய்யாமல், பாடத்தையும் ஆட்டத்தையும் மாற்றி மாற்றி அமைத்தார். ஒருவனுக்கு எது இயல்பாக வருகின்றது என்பதைக் கண்டறிந்து அதனை வளர்த்தார். மார்கழிக் குளிரை ஒத்த குளிர்காலத்து விடியலில், ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறுகையில் நூலுமாக வந்து மாணாக்கரை எழுப்புவாராம்.

கிறித்துவுக்கு முற்பட்ட கவிஞர்களைக் கிறித்தவச் சிறுவர் கற்பதா என ஐயுற்றோர் அக்காலத்தில் பலர். விட்டோரினோ நாள்தோறும் திருப்பலிக்குச் செல்பவர், நோன்பு நோற்பவர், மாணாக்கரையும் அந்நெறியில் நிறுத்தியவர். அகுஸ்தீன் முதலிய திருச்சபைத் தந்தையரின் நூல்களும் அங்குப் பயிலப்பட்டன. உரோமரின் குடிமைப் பண்பும் கிறித்துவின் அன்பும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்று அவர் நம்பினார். சிறுவர்க்குத் தகாத பகுதிகளை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றை அஞ்சாமல் கற்பித்தார். நற்செய்தியை அவர் கண்ட இடம் வழிபாட்டு மேடை மட்டுமன்று. வகுப்பில் யார் அமர்கின்றார் என்பதிலும் அதனைக் கண்டார்.

அப்பள்ளியின் பெருமை இங்கேதான் உள்ளது. மன்னர் மக்களும் பிரபுக்களின் மக்களும் பயின்ற அவ்விடத்தில், இறைவன்மீது கொண்ட அன்பின் பேரால் ஏழைச் சிறுவரையும் சேர்த்தார். ஒரு காலத்தில் அவர்தம் எண்ணிக்கை 40 வரை உயர்ந்தது. உணவு, உடை, நூல், மருந்து யாவும் அவர் பொறுப்பு. தம் ஊதியம் தீர்ந்தால் செல்வர் வீடுகளுக்குச் சென்று கேட்டு வாங்கி வருவார். தமக்கென எதுவும் வைத்துக்கொள்ளார். குளிர்காலத்திலும் எளிய ஆடையோடே திரிவார். ஏழைகளுக்கு அவர் தனிப் பாடத்திட்டம் வகுக்கவில்லை என்பதை நம் இளைஞர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தால் இவர்களுக்குப் போதும் என்று அவர் எண்ணவில்லை. இளவரசனுக்குச் சொன்ன ஹோமரையே ஏழைக்கும் சொன்னார். அவனுக்குக் கற்பித்த யூக்ளிடையே இவனுக்கும் கற்பித்தார். இளைஞனாக வளர்ந்துவிட்ட கார்லோ விளையாட்டுக் களத்தில் தகாத சூளுரை கூறியபோது, எல்லாரும் காண அவனைத் தண்டித்தார். பிரம்பை வெறுத்த ஆசிரியர் மன்னர் மகனிடத்தில் அதனை மறந்து செய்தார் எனக் கொள்ளற்க. ஒழுக்கத்திற்குப் பிறப்பால் விலக்கில்லை என்று காட்டவே செய்தார் என்க.

பெண்பாலாரில் மன்னர் மகள் செசிலியா அங்குப் பயின்றாள். 1430களில் அப்பள்ளியைக் காண வந்த துறவி திராவெர்சாரி, பத்து வயதளவினளான அச்சிறுமி கிரேக்க இலக்கணத்தில் பெற்றிருந்த தேர்ச்சியைக் கண்டு வியந்து எழுதினார். அவள் தமையன் ஒருவனோ யூக்ளிடுக்குத் தானே இரண்டு தேற்றங்களைப் படத்துடன் சேர்த்துக் காட்டினான். செசிலியா துறவை விரும்பினாள். தந்தை திருமணம் பேசினார். ஆசிரியர் மாணவியின் பக்கமே நின்றார். தந்தை 1444இல் இறந்தபின் 1445இல் அவள் கன்னிமாடம் புகுந்தாள். மூத்தவன் லுடோவிகோ தந்தையோடு பிணங்கி 1436இல் மிலான் நாட்டுப் படையில் சேர்ந்தபோதும், இருவரையும் ஒன்றுகூட்ட முயன்றவர் விட்டோரினோவே.

குறையையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. மாந்துவாவைச் சூழ்ந்த வயல்களில் உழுது வரி செலுத்திய பல்லாயிரம் குடியானவரின் பிள்ளைகளை அப்பள்ளி எட்டவில்லை. 40 பேர் என்பது கடலில் ஒரு கையளவு நீர். அதுவும் போர்த்தொழிலில் வந்த பொருளால் நடந்தது. கல்வியை எல்லார்க்கும் உரிய உரிமையாக ஆக்கும் சட்டத்தை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஈகையால் நடந்த பள்ளி ஈகையாளர் மறைந்ததும் தளரும். இக்கழகத்தை நம் முன்னோர் ஒரு செல்வரின் தயவில் தொடங்காமல், உறுப்பினர் சந்தாவில் தொடங்கியது எத்துணை அறிவுடைமை என்பதை இவ்விடத்தில் நினைத்துக் கொள்கின்றோம்.

1446 பிப்ரவரி 2ஆம் நாள் விட்டோரினோ மறைந்தார். 23 ஆண்டுகள் அரசர் பள்ளியின் தலைவராயிருந்தவர் சேர்த்து வைத்த பொருள் எதுவும் இல்லை. சிற்பி பிசானெல்லோ அவர் நினைவாக ஒரு வெண்கலப் பதக்கம் வார்த்தார். அதில் அவரைக் கணித அறிஞர் என்றே முதலில் குறித்துள்ளனர். ஏவலாளாக நின்றும் கிடைக்காத அக்கல்வியே அவர் பெயருக்கு முதற் சிறப்பாயிற்று. மறுபுறத்தில், தன் நெஞ்சைக் கீறிக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதாகக் கிறித்தவர் கூறும் கூழைக்கடாப் பறவை பொறிக்கப்பட்டுள்ளது.

லுடோவிகோ 1444 முதல் 1478 வரை மாந்துவாவை ஆண்டு, கலைஞர்களைப் போற்றினார். அங்குப் பயின்ற பெதெரிகோ உர்பினோவின் ஆட்சியாளராகித் தம் படிப்பறையில் உலகப் பெருமக்களின் ஓவியங்களை வைத்தபோது, மோசே, ஹோமர், பிளேட்டோ ஆகியோருடன் தம் பள்ளி ஆசிரியரின் உருவத்தையும் வைத்தார். அவ்வோவியம் இப்போது பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

வறுமையில் உழன்று மாந்துவாவில் பயின்ற மற்றொரு மாணாக்கர் ஜொவான்னி அந்திரேயா புஸ்ஸி. அச்சுத் தொழில் இத்தாலிக்கு வந்த புதிதில், உரோம் நகரின் முதல் அச்சகத்தார்க்குப் பழைய நூல்களைப் பிழைதிருத்திப் பதிப்பித்துக் கொடுத்தவர் இவரே. முன்பு நூறு பொன்னுக்கு விற்ற நூல்கள் இப்போது இருபதுக்குக் கிடைக்கின்றன, ஏழையும் நூலகம் வைக்கலாம் என்று 1468இல் போப்பாண்டவருக்கு எழுதி மகிழ்ந்தார். அடுத்த ஆண்டில் லிவியின் உரோம வரலாற்றை அச்சேற்றியபோது, அதன் முன்னுரையில் தம் ஆசிரியர் விட்டோரினோவை நன்றியோடு நினைவு கூர்ந்தார்.