5 ரேஸிலும் முதலிடம்... ஆனால் பட்டம் இல்லை! யார் இந்த ப்ளூயி வில்கின்சன்?

1936 செப்டம்பர் 10. லண்டன் வெம்ப்ளி மைதானம். ஸ்பீட்வே பைக் பந்தயத்தின் முதல் உலக சாம்பியன் யார் என்று முடிவாகும் இரவு. 25 வயது ஆஸ்திரேலிய வீரர் ஒருவர், தான் ஓட்டிய 5 ரேஸிலும் முதலிடம் பிடித்தார். ஆனாலும் அவருக்குக் கிடைத்தது 3-வது இடம்தான். எப்படி?

ஸ்பீட்வே என்றால் என்ன?

மண் போட்ட நீள்வட்டப் பாதை. ஒரு ரேஸுக்கு 4 பேர், 4 சுற்று. பைக்கில் பிரேக்கே கிடையாது! வளைவு வந்தால் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் தேய்த்தபடி திருப்ப வேண்டும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாவதாக வருபவருக்கு 1. கடைசி ஆளுக்கு எதுவும் இல்லை.

17 வயதில் லண்டன்

ஆர்தர் ஜார்ஜ் வில்கின்சன் பிறந்தது 1911 ஆகஸ்ட் 27. ஊர், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள மில்த்தோர்ப். வளர்ந்தது பக்கத்தில் உள்ள பாத்தர்ஸ்ட். தலைமுடி செம்பட்டை. ஆஸ்திரேலியாவில் செம்பட்டை முடிக்காரர்களை 'ப்ளூயி' என்று கிண்டலாகக் கூப்பிடுவது வழக்கம். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

1923-ல் அதே மாநிலத்தின் மெயிட்லாந்தில் நடந்த ரேஸ்தான் இந்த விளையாட்டின் தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள். 1928-ல் இங்கிலாந்திலும் இந்த மோகம் பரவியது. அங்கே அணிகள் உருவாக, அனுபவம் உள்ள ஆஸ்திரேலிய வீரர்களுக்கு கிராக்கி கூடியது. 1929-ல் ப்ளூயியும் லண்டன் போய் வெஸ்ட் ஹாம் அணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 17.

கிழக்கு லண்டனின் துறைமுகத் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் இருந்தது அந்த அணியின் மைதானம். ஒவ்வொரு சீசனாக முன்னேறி, அணியின் முக்கிய வீரர்களில் ஒருவரானார் ப்ளூயி.

விதி எப்படி விளையாடியது?

1936 இறுதிப் போட்டியில் 16 வீரர்கள். ஒவ்வொருவரும் மற்ற 15 பேரையும் தலா ஒருமுறை சந்திக்கும்படி ரேஸ்கள் பிரிக்கப்பட்டன. ப்ளூயி அந்த 15 பேரையும் முந்தினார். 5 ரேஸ், 15 புள்ளி. இதற்கு மேல் எடுக்கவே முடியாது.

ஆனால் முந்தைய சுற்றுகளில் எடுத்த புள்ளிகளை வைத்து எல்லோருக்கும் போனஸ் தரப்பட்டிருந்தது. சிக்கல் அங்கேதான்.

லயோனல் வான் பிராக்: 14 + போனஸ் 12 = 26
எரிக் லாங்டன்: 13 + போனஸ் 13 = 26
ப்ளூயி வில்கின்சன்: 15 + போனஸ் 10 = 25

அதாவது, அன்றைக்கு யாரிடமும் தோற்காதவர், வெறும் 1 புள்ளியில் வெளியே! சமநிலையில் இருந்த இருவருக்கும் தனி ரேஸ் வைக்கப்பட்டது. அதில் ஜெயித்து முதல் உலக சாம்பியன் ஆனார் வான் பிராக். அவரும் ஆஸ்திரேலியர்தான். அன்று அவரை முந்திய ஒரே ஆள் ப்ளூயி. அந்தத் தனி ரேஸில் ப்ளூயிக்கு இடமே இல்லை.

2 வருடம் கழித்து...

ப்ளூயி ஒதுங்கிவிடவில்லை. 1937-ல் வெஸ்ட் ஹாம் லீக் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். 1938-ல் மறுபடியும் வெம்ப்ளி இறுதிப் போட்டி. தோள்பட்டைக் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே களமிறங்கினார். அதே போனஸ் விதி இருந்தும் இந்த முறை பட்டம் அவருக்கே!

அதோடு பந்தயத்தில் இருந்து விலகினார். 1940 ஜூலை 27 அன்று சிட்னியில் நடந்த சாலை விபத்தில் உயிரிழந்தார். வயது 28. பிரேக் இல்லாத பைக்கில் இத்தனை வருடம் தப்பியவரை, சாதாரண சாலை பலிவாங்கிவிட்டது.

உலகப் போரால் நின்றுபோன சாம்பியன்ஷிப் 1949-ல் மீண்டும் தொடங்கியது. அப்போது போனஸ் புள்ளி முறை இல்லை. இறுதிப் போட்டி நடக்கும் இரவில் எடுத்த புள்ளிதான் கணக்கு. 1936-லேயே இந்த விதி இருந்திருந்தால், முதல் உலக சாம்பியன் என்ற இடத்தில் ப்ளூயியின் பெயர்தான் இருந்திருக்கும்.