நோயாளரின் ஊழியர் புனித கமில்லஸ்

இரவும் பகலும் நோயாளரின் படுக்கையருகே நிற்கும் செவிலியரை நாம் நன்றியோடு நினைக்கும் வேளையில், அவர்களுடைய பாதுகாவலரான புனித கமில்லஸ் தெ லெல்லிஸின் வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

இத்தாலியில் புக்கியானிக்கோ என்னும் ஊரில் 1550 மே 25-ல் படைவீரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தாமும் படையில் சேர்ந்தார், சூதாட்டத்துக்கு அடிமையானார். காலில் உண்டான புண் ஆறவேயில்லை. 1571-ல் உரோமையிலுள்ள புனித யாகப்பர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டே வேலையும் செய்தார். சூதும் சண்டையும் காரணமாக அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்.

1574-ல் நேப்பிள்ஸ் நகரில் இருந்ததையெல்லாம் சூதில் தோற்று, கப்புச்சின் துறவியரின் கட்டட வேலையில் கூலியாளானார். 1575 பெப்ருவரி 2-ல் மனந்திரும்பினார். துறவியாக விரும்பினார், காற்புண் தடையாயிற்று. மீண்டும் அதே மருத்துவமனைக்கு வந்தார். ஒருகாலத்தில் அவரை விலக்கிய அவ்விடமே பின்னர் அவரை மேற்பார்வையாளராக்கியது.

படுக்கையில் கிடந்து வேதனைப்பட்டவர் ஆதலால், கூலிக்காக மட்டும் வேலை செய்வோரின் அசட்டையை அவரால் பொறுக்க முடியவில்லை. ஊதியத்துக்காக அல்ல, அன்புக்காகவே நோயாளரைப் பேணும் ஒரு குழுவை அமைக்க 1582-ல் எண்ணங்கொண்டார். நிர்வாகத்தினர் அதை விரும்பவில்லை. 1584-ல் குருப்பட்டம் பெற்ற அவர், மருத்துவமனையை விட்டு விலகித் தனிச் சபை காண முற்பட்டார். அவருடைய ஆன்ம குருவான புனித பிலிப்பு நேரியே அதற்கு உடன்படவில்லை. ஆயினும் கமில்லஸ் கட்டடத்தை விட்டாரேயன்றி நோயாளரை விடவில்லை. பரிசுத்த ஆவி மருத்துவமனைக்குச் சென்று தம் ஊழியத்தைத் தொடர்ந்தார். 1598-ல் தைபர் நதி பெருக்கெடுத்தபோது அங்கிருந்த நோயாளரை மேல்தளத்துக்குச் சுமந்து காத்தார்.

1586-ல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் சபையை அங்கீகரித்து, அங்கியில் செஞ்சிலுவை அணியவும் அனுமதித்தார். 1591-ல் அது துறவற சபையாக உயர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்திலும் உயிருக்கு அஞ்சாமல் நோயாளருக்கு ஊழியம் செய்வதே அச்சபையாரின் நான்காம் வார்த்தைப்பாடு.

ஆறாப் புண்ணோடே உழைத்த கமில்லஸ் 1614 ஜூலை 14-ல் இறைவனடி சேர்ந்தார். 1746-ல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1886-ல் நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும், 1930-ல் செவிலியருக்கும் அவர் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

அன்புள்ள பங்கு மக்களே, வேலை செய்யும் இடத்தின்மீது கொண்ட பற்று நல்லதே. ஆனால் அப்பற்று சுவர்களோடு நின்றுவிடாமல் படுக்கையில் கிடப்பவரைச் சென்றடைய வேண்டும் என்பதையே கமில்லஸ் நமக்குக் காட்டுகிறார். பணி முடிந்து களைத்து வீடு திரும்பும் செவிலியர் நம் அண்டைவீட்டில் இருந்தால், அவர் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு கொடுத்து உதவுவதும் நோயாளருக்கு நாம் செய்யும் ஊழியமே. புனித கமில்லஸ் நமக்காக மன்றாடுவாராக!