மருந்தின் விலையைக் கேட்டவர்

கண்டி நகருக்குப் போய்வரும் நம் எல்லோருக்கும் திரித்துவக் கல்லூரியைத் தெரியும். அங்கு படித்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் றகர் வீரர்களின் பெயர்கள்தான் முதலில் வரும். பேராசிரியர் சேனக பிபிலேயும் அந்தக் கல்லூரி மாணவர்தான். எங்கள் வகுப்பில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஆனால் அவர் செய்த வேலையின் பயன் மடவளையில் எத்தனையோ வீடுகளின் மருந்துப் பெட்டிக்குள் இருக்கிறது.

1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி, ஊவாவின் பிபிலைப் பகுதியைச் சேர்ந்த பழைய வலவ்வைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1945இல் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் முதல் வகுப்பில் சித்தியடைந்து டொக்டரானார். பிறகு எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். 1967இல் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக மீண்டும் கண்டிப் பக்கம் வந்தார். வசதியான வீட்டில் பிறந்தும் அவர் சேர்ந்தது லங்கா சமசமாஜக் கட்சியில். அந்தக் காலத்தில் இது பலருக்கு வியப்பாக இருந்திருக்கும்.

அவரை உறுத்திய விடயத்தை நம் வீட்டு உதாரணத்தோடு சொன்னால் எளிதில் விளங்கும். தலையிடி வந்தால் பாமசியில் பெனடோல் கேட்கிறோம். பெனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் சொந்தப் பெயர் பரசிற்றமோல். அதே மருந்தை வேறு பல கம்பனிகளும் வேறு பெயர்களில், வேறு விலைகளில் விற்கின்றன. உம்மும்மாவின் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெற்போமினும் அப்படித்தான். கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டால் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள். ஒருமுறை வாப்பா ஒரே துண்டோடு மூன்று பாமசிகளுக்குப் போனார். மூன்று பெயர், மூன்று விலை. எது நல்லது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளை என்று என்னிடம் கேட்டதுதான் மிச்சம்.

பிபிலே இதை நாட்டின் அளவில் பார்த்தார். 1950களின் இறுதியில், அரச ஆஸ்பத்திரிகளுக்கு உண்மையில் தேவையான மருந்துகள் எவை என்று பார்த்து, அவற்றின் சொந்தப் பெயர்களிலேயே ஒரு மருந்துக் கையேட்டை உருவாக்க முன்னின்றார். அரச ஆஸ்பத்திரியில் இது நடந்தாலும் தனியார் பாமசிகளில் பழைய கதைதான் தொடர்ந்தது. அங்கே 2,000க்கும் மேற்பட்ட மருந்துகள் விற்பனையில் இருந்தன. பெரும்பாலானவை ஒன்றையே பல பெயர்களில் சொன்னவை. அவற்றுக்காக நாட்டின் அந்நியச் செலாவணி வெளியே போய்க்கொண்டிருந்தது.

1970இல் புதிய கூட்டரசாங்கம் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அதன்படி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. முதல் தலைவர் பிபிலே. வேலைமுறை ஒரு குடும்பத்தலைவி யோசிப்பது போன்றதுதான். பத்து வீட்டுக்காரர் பத்துக் கடையில் தனித்தனியாக வாங்குவதை விட்டு, எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் மொத்தமாக, யார் குறைத்துத் தருவார் என்று கேட்டு வாங்கினால் விலை இறங்கும். பட்டியல் சுமார் 600 மருந்துகளாகச் சுருங்கியது. உலகம் முழுவதிலுமிருந்து கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. பல மருந்துகள் முன்பிருந்ததைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன.

இந்த இடத்தில்தான் எதிர்ப்பு எழுந்தது. மலிவான மருந்து தரமில்லாத மருந்து என்று கம்பனிகள் சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் டொக்டர்களில் ஒரு பகுதியினரும் அதையே சொன்னதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பயத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. மொத்தமாக வாங்கும் நாடு, வாங்கிய ஒவ்வொன்றையும் ஆய்வுகூடத்தில் சோதிக்கவும் வேண்டும். இன்றுவரை நாம் பலவீனமாக இருப்பது அந்த இடத்தில்தான்.

1974இல் வாந்திபேதி பரவியபோது டெட்ராசைக்கிளின் அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய மூலப்பொருளிலிருந்து இங்கேயே மருந்து தயாரித்துக் கொடுக்க ஒரு பன்னாட்டுக் கம்பனி முன்வரவில்லை. மருந்து கூடிய செலவில் விமானத்தில் வந்தது. ஒரு சிறிய நாட்டின் பேராசிரியர் யாரோடு மோதினார் என்பது இதில் தெரிகிறது.

1975இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிபிலேயும் தலைவர் பதவியில் இல்லை. அவருடைய திட்டத்தைக் கேட்டறிய ஐக்கிய நாடுகள் சபை அவரை அழைத்தது. மற்ற வறிய நாடுகளுக்கும் மருந்துக் கொள்கை வகுக்க உதவச் சென்ற அவர், 1977ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி தென்னமெரிக்காவின் கயானாவில் திடீரென இறந்தார். வயது 57. அதே ஆண்டு ஆட்சி மாறி, தனியார் இறக்குமதிக்குக் கதவு மீண்டும் அகலத் திறந்தது. அதே ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982இல் பங்களாதேஷும் இதே வழியில் மருந்துக் கொள்கை ஒன்றை அமைத்தது.

இங்கே அவருடைய எண்ணம் மெதுவாகவே நகர்ந்தது. 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை குறிக்கப்பட்டது. கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடைகள் இன்றும் இயங்குகின்றன.

பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, மருந்தும் இல்லை. அந்த மார்ச் மாதம் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டினால் இடைநிறுத்தப்பட்டன. அவர் பீடாதிபதியாக இருந்த மருத்துவ பீடத்தின் பிள்ளைகள் பயிற்சி பெறும் ஆஸ்பத்திரி அது. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எந்த மருந்தை முதலில் வாங்குவது என்று அன்று நாடு முழுவதும் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கைத்தான் அவர் அறுபது வருடங்களுக்கு முன்பே பட்டியலாக எழுதி வைத்திருந்தார்.